6 செ.மீ. பனியில் முடங்கிய அட்லாண்டா... 5 மீட்டர் பனியிலும் ஓடும் சப்போரோ! எந்த ஊர் எப்படித் தயாராகிறது?

டிசம்பர் வந்தாலே நம் ஃபீடு முழுக்கப் பனிதான். மணாலியில் ஸ்னோமேன் செய்யும் காலேஜ் கேங், குல்மார்க்கில் ஸ்லெட்ஜ் இழுக்கும் அண்ணன்கள், கனடாவில் காரைத் தோண்டி எடுக்கும் நம்ம ஊர்ப் பையன்... ஸ்க்ரோல் பண்ணப் பண்ண வந்துகொண்டே இருக்கும். ஆனால், அதே வாரத்தில் இன்னொரு மாதிரி வீடியோக்களும் வரும். ஒரு ஊரில் கொஞ்சம் பனி கொட்டியதுமே கார்கள் வழுக்கி மோதிக்கொள்கின்றன, விமானங்கள் ரத்தாகின்றன, ஊரே ஸ்தம்பிக்கிறது. வேறொரு ஊரில் ஆள் உயரத்துக்குப் பனி குவிந்து கிடக்க, அதற்கு நடுவே ஸ்கூல் பிள்ளைகள் ஜாலியாக நடந்து போகிறார்கள்.

ஏன் இந்த வித்தியாசம்? `அவங்களுக்குப் பழகிடுச்சு' என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். ஆனால், விஷயம் அவ்வளவு சிம்பிள் இல்லை. சென்னைக்காரர்களுக்கு இது ஈஸியாகவே புரியும். கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்துகிறார்களே... எத்தனை செ.மீ. மழை என்பதைவிட, அந்த மழை எந்த ஊரில் பெய்கிறது என்பதுதானே முக்கியம்? பனிக்கும் அதே கணக்குதான்.

குளிர் வேற... பனி வேற!

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். தமிழில் `பனி' என்ற ஒரே சொல்லுக்குள் நாம் எல்லாவற்றையும் அடக்கிவிடுகிறோம். மார்கழிக் காலையில் புல் மேல் நிற்பதும் பனி, ரோட்டை மறைக்கும் மூட்டமும் பனி, ஊட்டியில் புல்வெளியை வெள்ளையாக்குவதும் பனி, காஷ்மீரில் வானத்திலிருந்து கொட்டுவதும் பனி. ஊட்டியில் நாம் பார்ப்பது உறைபனி. காற்றில் இருக்கும் ஈரம் தரையிலும் செடியிலும் உறைவதால் வருவது. அது மேலிருந்து பெய்வதில்லை. இந்தக் கட்டுரையில் நாம் பேசப்போவது, மேகத்திலிருந்து விழும் பனிப்பொழிவைப் பற்றி.

இரண்டாவது குழப்பம், `குளிர் அதிகம் என்றால் பனியும் அதிகம்' என்பது. இது பல நேரங்களில் தப்பு. ரஷ்யாவின் யாகுட்ஸ்க் நகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று லட்சம் பேருக்கு மேல் வாழும் இந்த ஊரில் ஜனவரியில் மைனஸ் 40 டிகிரி செல்சியஸ் எல்லாம் சாதாரணம். ஆனால், காற்று மிகவும் வறண்டது என்பதால் அங்கு கொட்டும் பனி குறைவுதான். ஜப்பானின் சப்போரோவில் ஜனவரி சராசரி வெப்பநிலை மைனஸ் மூன்று டிகிரி அளவில்தான் இருக்கும். அதாவது, யாகுட்ஸ்க்கோடு ஒப்பிட்டால் அது `இதமான' ஊர். ஆனால், ஒரு குளிர்காலத்தில் அங்கு கொட்டும் பனியைக் கூட்டினால் கிட்டத்தட்ட ஐந்து மீட்டர் வரும்!

காரணம், கடல். சைபீரியாவிலிருந்து வரும் குளிர்காற்று, ஜப்பான் கடலைக் கடக்கும்போது ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது. ஜப்பானின் மேற்குக் கரையில் இருக்கும் மலைகளில் மோதி, அத்தனையையும் பனியாகக் கொட்டிவிடுகிறது. மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் டோக்கியோவுக்கு வெறும் வறண்ட காற்றும் வெயிலும்தான் மிச்சம். ஒரே தீவில் நீகாட்டா பனியில் புதைந்து கிடக்க, புல்லட் ரயிலில் இரண்டு மணி நேரத் தொலைவில் இருக்கும் டோக்கியோவில் நீல வானம்.

ஆக, ஒவ்வோர் ஊருக்கும் பிரச்னையே வேறு. யாகுட்ஸ்க்குக்குக் குளிர், சப்போரோவுக்குப் பனி. பிரச்னை எதுவோ, அதற்கேற்றபடிதான் தீர்வும். யாகுட்ஸ்க்கில் நிலத்தடி எப்போதும் உறைந்தே இருக்கும். வீட்டின் சூடு பட்டு நிலம் இளகினால் கட்டடமே சாய்ந்துவிடும். அதனால் கட்டடங்களைத் தூண்கள் மேல் தூக்கிக் கட்டுகிறார்கள். குழாய்களை மண்ணுக்கு மேலேயே, தடிமனாகச் சுற்றிக் கொண்டுபோகிறார்கள். எடுத்ததும் ஸ்டார்ட் ஆகாது என்பதால், காரை ஹீட்டர் போட்ட கராஜில் நிறுத்துகிறார்கள், இல்லையென்றால் இன்ஜினை ஆஃப் செய்யாமலே விடுகிறார்கள்.

அட்லாண்டா: எல்லாரும் ஒரே நேரத்தில் கிளம்பினால்...

2014 ஜனவரி 28. அமெரிக்காவின் தெற்கே இருக்கும் ஜார்ஜியா மாநிலத் தலைநகர் அட்லாண்டா. பெய்த பனி, 6 செ.மீ-யைக் கொஞ்சம் தாண்டியது. அவ்வளவுதான். ஒரு சுண்டுவிரல் நீளம்!

மதியம் பனி தொடங்கியதும் ஸ்கூல்கள், தனியார் அலுவலகங்கள், அரசு அலுவலகங்கள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் `வீட்டுக்குப் போங்க' என்று சொல்லிவிட்டன. லட்சக்கணக்கான கார்கள் ஒரே சமயத்தில் ரோட்டுக்கு வந்தன. டயர் ஏறி ஏறி மிதிபட்ட பனி, மாலையில் வெப்பநிலை இறங்கியதும் கண்ணாடி போன்ற ஐஸ் ஆனது. உப்புத் தூவும் லாரிகள் அந்த டிராஃபிக்குக்குள்ளேயே மாட்டிக்கொண்டன. பலர் இரவு முழுக்க காரிலேயே கிடந்தார்கள். சிலர் காரை அப்படியே விட்டுவிட்டு மணிக்கணக்கில் நடந்தார்கள். ஆயிரக்கணக்கான பிள்ளைகள் ஸ்கூலிலும் ஸ்கூல் பஸ்ஸிலும் இரவைக் கழித்தார்கள். டிராஃபிக்கில் நின்ற ஒரு காருக்குள்ளேயே ஒரு குழந்தையும் பிறந்தது.

வடக்கே இருக்கும் ஊர்க்காரர்கள் `இத்துனூண்டு பனிக்கா இப்படி?' என்று கிண்டல் செய்தார்கள். ஆனால், யோசித்துப் பாருங்கள். அட்லாண்டாவில் பனி பெய்யாமலே போகும் வருஷங்களும் உண்டு. அதற்காக நூற்றுக்கணக்கில் பனி அள்ளும் வண்டிகளை வாங்கி ஷெட்டில் நிறுத்தி வைப்பது நியாயமான செலவா?

சுவாரஸ்யமான விஷயம், அடுத்து நடந்ததுதான். இரண்டே வாரத்தில், பிப்ரவரியில் இன்னொரு பனிப்புயல் வந்தது. இந்த முறை முன்கூட்டியே எச்சரிக்கை, முன்கூட்டியே விடுமுறை. மக்கள் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. ரோடுகள் காலியாகக் கிடந்தன, லாரிகள் தங்கள் வேலையைப் பார்த்தன. இரண்டு வாரத்தில் ஊர் ஒன்றும் புதிதாகக் கட்டப்படவில்லை. மாறியது ஒரு முடிவு மட்டும்தான்: எப்போது வீட்டில் இருப்பது என்ற முடிவு.

டெக்சாஸ்: உறைந்தது தண்ணீர் மட்டுமல்ல

அட்லாண்டாவின் கதை டிராஃபிக். டெக்சாஸின் கதை மின்சாரம். 2021 பிப்ரவரி நடுவில் டல்லாஸ் நகரில் வெப்பநிலை மைனஸ் 19 டிகிரி வரை இறங்கியது. ஹீட்டருக்காக மின்தேவை எகிறிய அதே நேரத்தில், மின் நிலையங்கள் ஒவ்வொன்றாக நின்றன. எரிவாயுக் கிணறுகளும் குழாய்களும் உறைந்தன. எரிவாயு வராததால் மின்சாரம் போனது, மின்சாரம் போனதால் எரிவாயுவை அனுப்பும் கருவிகள் நின்றன. ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு விழுந்த கதை.

45 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளும் கடைகளும் இருட்டில் மூழ்கின. டெக்சாஸின் பெரும்பகுதி, பக்கத்து மாநிலங்களோடு பெரிய அளவில் இணையாத தனி மின்கட்டமைப்பில் இருப்பதால், தேவையான அளவுக்கு வெளியிலிருந்து கடன் வாங்கவும் முடியவில்லை. வெயிலைத் தாங்கக் கட்டிய வீடுகள் அவை. சூட்டைப் பிடித்து வைக்கும் வசதி குறைவு. தண்ணீர்க் குழாய்கள் பரண் வழியாகவும் வெளிச்சுவர் வழியாகவும் போகும். அவை வெடித்து, கூரையிலிருந்து தண்ணீர் கொட்டியது. மாநில அரசின் கணக்குப்படியே 246 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலானவர்கள் குளிரில் உடல் விறைத்து இறந்தவர்கள். சூட்டுக்காக வீட்டுக்குள் ஜெனரேட்டரையும் அடுப்புக்கரியையும் பயன்படுத்தி, கார்பன் மோனாக்ஸைடு வாயுவால் உயிரிழந்தவர்களும் உண்டு.

`இது யாரும் எதிர்பார்க்காத பேரிடர்' என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. 2011 பிப்ரவரியிலேயே இதேபோல ஒரு குளிர் வந்து, மின்வெட்டு ஏற்பட்டது. `மின் நிலையங்களைக் குளிர் தாங்கும்படி மாற்றுங்கள்' என்று அப்போதே விசாரணை அறிக்கை சொன்னது. ஆனால், அது கட்டாயமாக்கப்படவில்லை. அதே டெக்சாஸின் மேற்குக் கோடியில் இருக்கும் எல் பாசோ நகரம் 2011-ல் பட்ட அடியிலிருந்து பாடம் படித்தது. தன் மின் நிலையங்களைக் குளிர் தாங்கும்படி மாற்றப் பணம் செலவழித்தது. அந்த ஊர் மேற்கு மாநிலங்களின் மின்கட்டமைப்போடு இணைந்திருந்ததும் கூடுதல் பலம். 2021-ல் அங்கு மின்சாரம் இழந்தது சில ஆயிரம் பேர்தான், அதுவும் கொஞ்ச நேரத்துக்கு. ஒரே மாநிலம், ஒரே குளிர்... இரண்டு விதமான முடிவு. இதற்குப் பிறகுதான் மின் நிலையங்களைக் குளிருக்குத் தயார்செய்வதைக் கட்டாயமாக்கி டெக்சாஸ் சட்டம் போட்டது.

சப்போரோ: பனியோடு சேர்த்துக் கட்டிய ஊர்

சுமார் 20 லட்சம் மக்கள். வருஷத்துக்கு ஐந்து மீட்டர் அளவில் பனி. உலகில் இவ்வளவு பெரிய நகரங்களில் இவ்வளவு பனி கொட்டும் ஊரைத் தேடினால் கிடைப்பது கஷ்டம். ஆனாலும் சப்போரோ ஓடிக்கொண்டே இருக்கிறது. எப்படி?

கணிசமான அளவு பனி விழுந்தால், நள்ளிரவுக்குப் பிறகு வண்டிகள் இறங்கும். காலையில் மக்கள் வேலைக்குக் கிளம்புவதற்குள் முக்கியச் சாலைகள் தயாராக இருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. ஓரமாக ஒதுக்கிய பனியை அப்படியே விட்டால் ரோடு குறுகிவிடும். அதனால் அள்ளி, லாரியில் ஏற்றி, ஊருக்கு வெளியே கொட்டுகிறார்கள். சுத்திகரித்த கழிவுநீரில் மிச்சமிருக்கும் சூட்டை வைத்துப் பனியை உருக்கும் தொட்டிகளும் உண்டு. மேடான சில சாலைகளுக்கு அடியில் ஹீட்டரே பதித்திருக்கிறார்கள். மெட்ரோ ரயில் தரைக்கு மேலே வரும் இடத்தில், தண்டவாளத்தையே அலுமினியக் கூரையால் மூடிவிட்டார்கள். மேலே பனி குவியக் கூடாது என்பதற்காக டிராஃபிக் சிக்னல்கள்கூட செங்குத்தாக இருக்கும். ரோட்டின் ஓரம் எது என்று தெரியாமல் போகும் என்பதால், நெடுஞ்சாலைகளில் மேலிருந்து அம்புக்குறி தொங்கும்.

நீகாட்டா பகுதியின் நாகாவோகா நகரில் வேறு டெக்னிக். ரோட்டின் நடுவே குழாய் பதித்து, சிறிய துளைகள் வழியாக நிலத்தடி நீரைப் பீய்ச்சுகிறார்கள். பூமிக்கு அடியில் இருக்கும் தண்ணீர் குளிர்காலத்திலும் ஓரளவு வெதுவெதுப்பாக இருக்கும். அது பனியை உருக்கிவிடும். நீகாட்டாவில் குளிர் ரொம்பக் கடுமையாக இருக்காது என்பதால் இது செல்லுபடியாகிறது. இதையே யாகுட்ஸ்க்கில் செய்தால், ரோடு ஸ்கேட்டிங் ரிங்க் ஆகிவிடும்!

ஆனால், ஜப்பானுக்கும் வலிகள் உண்டு. கிராமங்களில் இளைஞர்கள் இல்லை. கூரை மேல் ஏறிப் பனியைத் தள்ளுவது 70 வயதைக் கடந்த தாத்தாக்கள். பனியால் ஒவ்வோர் ஆண்டும் ஏற்படும் மரணங்களில் பெரும்பாலானவை இப்படிப் பனி அகற்றும்போது நடப்பவை, இறப்பவர்களில் அதிகம் பேர் முதியவர்கள். அதேபோல, பழக்கமில்லாத டோக்கியோவில் 2018 ஜனவரி 22 அன்று 23 செ.மீ. பனி விழுந்தபோது ரயில் நிலையங்களில் கூட்டம் பிதுங்கி வழிந்தது. பழகிய நீகாட்டா பக்கமே 2020 டிசம்பரில் கனெட்சு நெடுஞ்சாலையில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் பனியில் சிக்கி நின்றன.

கனடா: சைரன் கேட்டால் காரை எடுக்கணும்!

தமிழர்கள் அதிகம் வாழும் நாடு என்பதால் கனடாவின் குளிர் நமக்குக் கொஞ்சம் பரிச்சயம். ஆனால், அங்கும் ஊருக்கு ஊர் வித்தியாசம் உண்டு.

மான்ட்ரியலில் வருஷத்துக்குச் சராசரியாக இரண்டு மீட்டர் அளவில் பனி கொட்டும். சாலையையும் நடைபாதையையும் சேர்த்து சுமார் 10,000 கி.மீ. தூரத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். முதலில் `இந்தத் தெருவில் இன்று இரவு பார்க்கிங் கிடையாது' என்று போர்டு வரும். அடுத்து, கார்களை இழுத்துச்செல்லும் வண்டி சைரன் அடித்துக்கொண்டே வரும். அந்தச் சத்தம் கேட்டதும் பைஜாமாவோடு ஓடி வந்து காரை எடுப்பது, மான்ட்ரியல்வாசிகளின் குளிர்கால வழக்கம். பிறகு ராட்சத இயந்திரங்கள் பனியை உறிஞ்சி லாரிக்குள் பீய்ச்சும். பழைய கல்குவாரி ஒன்றில் கொட்டப்படும் பனி மலை, கோடைக்காலத்திலும் முழுசாக உருகாமல் கிடக்கும்.

மான்ட்ரியல் இருக்கும் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை கார்களுக்கு விண்டர் டயர் கட்டாயம். இது வெறும் சம்பிரதாயம் இல்லை. சாதாரண டயரின் ரப்பர் சுமார் ஏழு டிகிரிக்குக் கீழே போனாலே இறுக ஆரம்பித்துப் பிடிமானத்தை இழக்கும். விண்டர் டயரின் ரப்பர், குளிரிலும் மென்மையாக இருக்கும்படி தயாரிக்கப்படுகிறது. வின்னிபெக் போன்ற ஊர்களில் கார் பார்க்கிங்கில் பிளக் பாயின்ட் இருப்பதைப் பார்த்து, `எல்லாம் எலெக்ட்ரிக் காரா' என்று புதிதாகப் போகிறவர்கள் ஆச்சர்யப்படுவார்கள். உண்மையில் அது பெட்ரோல் கார்களின் இன்ஜின் உறையாமல் சூடாக வைக்கும் ஹீட்டருக்கான இணைப்பு.

டொரன்டோ கதை வேறு. 1999 ஜனவரியில் அங்கு ஒரு மீட்டருக்கும் மேல் பனி கொட்ட, மேயர் மெல் லாஸ்ட்மன் உதவிக்கு ராணுவத்தையே கூப்பிட்டார். மற்ற ஊர்க்காரர்கள் அதைச் சொல்லிச் சொல்லி இன்றுவரை சிரிக்கிறார்கள். ஆனால், சிரித்த கியூபெக்கும் அதற்கு முந்தைய வருஷம்தான் அடிவாங்கியிருந்தது. 1998 ஜனவரியில் அங்கு விழுந்தது பனி இல்லை, உறைமழை. மழையாகவே விழுந்து, தொட்ட இடத்தில் ஐஸாக மாறும். அந்த எடை தாங்காமல் ராட்சத மின்கோபுரங்கள் காகிதம்போல மடங்கின. லட்சக்கணக்கான வீடுகளில் மின்சாரம் போனது. சிலருக்கு அது திரும்பி வரப் பல வாரங்கள் ஆயின. பனிக்குத் தயாரான ஊர், ஐஸுக்குத் தயாராக இல்லை.

பஃபலோ: பழகியவர்களையும் பதம்பார்த்த புயல்

நியூயார்க் மாநிலத்தின் பஃபலோவுக்குப் பனி என்றால் பெருமை. ஈரி ஏரியின் கரையில் இருப்பதால், ஏரியின் ஈரத்தைக் குளிர்காற்று அள்ளி வந்து ஊர் மேல் கொட்டும். ஏரி உறைந்துவிட்டால் இது குறையும். 2022 கிறிஸ்துமஸ் சமயத்தில் ஏரி உறையவில்லை. சூறாவளிக்கு இணையான காற்றோடு பனிப்புயல் 37 மணி நேரம் விடாமல் வீசியது. கண்முன்னே நீட்டிய கை தெரியாத நிலை. பனி அள்ளும் வண்டிகளே சிக்கிக்கொண்டன. ஆம்புலன்ஸ்கள் போக முடியவில்லை. அந்தப் பகுதியில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சிலர் காருக்குள், சிலர் தெருவில், சிலர் ஹீட்டர் நின்றுபோன சொந்த வீட்டுக்குள்.

புயல் வரப்போவது பல நாள்களுக்கு முன்பே தெரியும். ஆனால், வண்டி ஓட்டத் தடை அமலுக்கு வந்தது வெள்ளிக்கிழமை காலை 9:30 மணிக்கு. அதற்குள் பலர் வேலைக்குக் கிளம்பிவிட்டார்கள். ஒருநாள் சம்பளத்தை விட முடியாதவர்கள், வீட்டில் சாப்பாட்டை வாங்கிக் குவித்து வைக்க வசதியில்லாதவர்கள்தான் அதிகம் பாதிக்கப்பட்டார்கள். நகர எல்லைக்குள் இறந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் கறுப்பின மக்கள். `தயார்நிலை' என்பது லாரி எண்ணிக்கை மட்டும் இல்லை, யாருக்கு வீட்டில் இருக்கும் வசதி இருக்கிறது என்பதும்தான்.

காஷ்மீர்: 40 நாள்... 20 நாள்... 10 நாள்!

நம் நாட்டுக்கு வருவோம். காஷ்மீரிகளின் குளிர்கால காலண்டரே தனி. டிசம்பர் 21-ல் தொடங்கும் 40 நாள்கள் `சில்லை கலான்', கடுங்குளிர் காலம். அடுத்த 20 நாள்கள் `சில்லை குர்த்', அதற்கடுத்த 10 நாள்கள் `சில்லை பச்சா'. குளிர் படிப்படியாகக் குறைவதைக் காட்டும் கணக்கு இது.

அங்கே தயார்நிலை வீட்டிலிருந்து தொடங்குகிறது. கோடையிலேயே கத்திரிக்காய், தக்காளி, சுரைக்காயை நறுக்கி, வெயிலில் காயவைத்து எடுத்து வைத்துவிடுவார்கள். நம் ஊரில் வத்தல் போடுவதுபோல. இதற்கு `ஹோக் சியுன்' என்று பெயர். நெடுஞ்சாலை மூடி, காய்கறி லாரி வராத நாள்களில் இதுதான் குழம்பு. உடம்புக்கு `ஃபெரன்' என்னும் தளர்வான நீள அங்கி. அதற்குள்ளே கரி கனலும் மண்சட்டியைப் பிரம்புக் கூடையில் வைத்த `காங்க்ரி'. மின்சாரம் இல்லாமலே வேலை செய்யும் பெர்சனல் ஹீட்டர்!

இங்கே பெரிய சவால், சாலை. மலைப்பாதை மூடினால் ஊரே துண்டிக்கப்படும். அதனால்தான் இமயமலையில் தயார்நிலை என்றாலே சுரங்கப்பாதை. 2020 அக்டோபரில் திறக்கப்பட்ட ஒன்பது கி.மீ. நீள அடல் சுரங்கம் வருவதற்கு முன்பு, இமாச்சலத்தின் லாஹவுல் பள்ளத்தாக்கு வருஷத்தில் சுமார் ஆறு மாதம் வெளியுலகத் தொடர்பு இல்லாமல் கிடந்தது. 2025 ஜூனில் கத்ரா - ஸ்ரீநகர் வந்தே பாரத் ரயில் தொடங்கியது. டிரைவர் முன்னே இருக்கும் கண்ணாடியில் ஹீட்டர், தண்ணீர் உறையாமல் இருக்க ஏற்பாடு என்று, அந்த ரயிலே குளிருக்காகப் பிரத்யேகமாகச் செய்யப்பட்டது. லடாக்கில் சாதாரண டீசல் குளிரில் கெட்டியாகிவிடும் என்பதால், மைனஸ் 33 டிகிரி வரை உறையாத சிறப்பு டீசலை 2019-ல் இந்தியன் ஆயில் அறிமுகப்படுத்தியது.

ஒரே பார்வையில்...

* அட்லாண்டா: பனி அபூர்வம். வண்டிகள் குறைவு. சரியான நேரத்தில் லீவு விடுவதுதான் ஆயுதம்.
* டெக்சாஸ்: பனியைவிடக் குளிர் ஆபத்து. மின் நிலையமும் தண்ணீர்க் குழாயும்தான் பலவீனம்.
* சப்போரோ: பனி மிக அதிகம், குளிர் நடுத்தரம். அள்ளுவது, உருக்குவது, மூடுவது என எல்லாமே உண்டு. பலவீனம், முதுமை.
* மான்ட்ரியல்: பனியும் அதிகம், குளிரும் அதிகம். கட்டாய விண்டர் டயர், தெருவைக் காலி செய்யும் ஒழுங்கு. உறைமழை வந்தால் சிக்கல்.
* பஃபலோ: பனி பழக்கம்தான். காற்றும் பனியும் சேர்ந்தால் அனுபவமும் உதவாது.
* யாகுட்ஸ்க்: கடுங்குளிர், குறைந்த பனி. வீடு, குழாய், கார் என எல்லாமே குளிருக்காகவே வடிவமைக்கப்பட்டவை.
* காஷ்மீர்: வீட்டுத் தயாரிப்பு வலிமை. மூடும் நெடுஞ்சாலைதான் பலவீனம்.

டூர் போறீங்களா? இதை மட்டும் மறக்காதீங்க!

2022 ஜனவரியில் பாகிஸ்தானின் மலை வாசஸ்தலமான முர்ரீயில் பனி பார்க்க ஆயிரக்கணக்கான கார்கள் குவிந்தன. இரவில் கடும் பனிப்பொழிவு. நகர முடியாமல் காருக்குள்ளேயே காத்திருந்தவர்களில் குறைந்தது 22 பேர், குழந்தைகள் உட்பட, இறந்துபோனார்கள். குளிர் மட்டும் காரணம் இல்லை. சைலன்ஸரைப் பனி அடைத்துக்கொள்ள, ஹீட்டருக்காக ஓடிய இன்ஜினின் கார்பன் மோனாக்ஸைடு காருக்குள் புகுந்ததும் ஒரு காரணம். அந்த வாயுவுக்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. தூக்கம் வருவதுபோல இருக்கும். அவ்வளவுதான். 2024 டிசம்பரில் மணாலிக்கு அருகே சோலங் - அடல் சுரங்கம் பாதையிலும் சுமார் ஆயிரம் வண்டிகள் பனியில் சிக்கின. போலீஸ் மீட்டதால் பிழைத்தார்கள்.

அதனால், கிளம்பும் முன் இவற்றை மனதில் வையுங்கள்.

* பனிப்பொழிவு எச்சரிக்கை இருந்தால் மலைப்பாதையில் ஏறாதீர்கள். ஹோட்டல் அட்வான்ஸ் போனால் போகட்டும்.
* காரில் சிக்கிக்கொண்டால், சைலன்ஸரைச் சுற்றியுள்ள பனியை அடிக்கடி அகற்றுங்கள். இன்ஜினைத் தொடர்ந்து ஓடவிடாமல், இடைவெளிவிட்டுக் கொஞ்ச நேரம் மட்டும் ஓடவிடுங்கள். ஜன்னலை லேசாகத் திறந்து வையுங்கள்.
* மூடிய அறைக்குள் கரி அடுப்பு, கேஸ் ஹீட்டர் வைத்துத் தூங்கவே கூடாது.
* ஜீன்ஸும் காட்டன் பனியனும் பனிக்கு எதிரிகள். நனைந்தால் காயாது, சூட்டை உறிஞ்சிவிடும். உள்ளே தெர்மல், நடுவில் கம்பளி அல்லது ஃபிளீஸ், வெளியே தண்ணீர் புகாத ஜாக்கெட் என மூன்று அடுக்கு போதும்.
* ஜாக்கெட்டைவிட ஷூ முக்கியம். கிரிப் இல்லாத ஸ்னீக்கர்ஸ் போட்டால் முதல் பத்தடியிலேயே விழுவீர்கள். ஐஸில் பென்குயின்போலக் குட்டிக் குட்டி அடியாக வைத்து நடங்கள்.
* குளிரில் போன் பேட்டரி சட்டென்று இறங்கும். போனையும் பவர் பேங்கையும் உள் பாக்கெட்டில், உடம்புச் சூட்டில் வையுங்கள்.
* படிக்கவோ வேலைக்கோ கனடா போகிறவர்கள், இங்கேயே காசைக் கொட்டிக் கனமான ஜாக்கெட் வாங்க வேண்டாம். ஏர்போர்ட்டிலிருந்து ரூமுக்குப் போகும் அளவுக்கு ஒன்று போதும். மீதியை அந்த ஊர்க் குளிருக்கென்று விற்பதிலிருந்து வாங்கிக்கொள்ளலாம்.

பனி வராவிட்டால்..?

இதுவரை பேசியது எல்லாம் பனி அதிகமானால் வரும் பிரச்னை. ஆனால், காஷ்மீரில் சமீப ஆண்டுகளில் கேட்கும் கவலை நேர் எதிரானது. 2024 ஜனவரியில் குல்மார்க்கின் பனிச்சறுக்கு மைதானங்கள் பழுப்புப் புல்லோடு வெறிச்சோடிக் கிடந்தன. 2025 பிப்ரவரியில் போதிய பனி இல்லாமல் அங்கு நடக்கவிருந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுப் போட்டிகளே தள்ளிவைக்கப்பட்டன. பனி அங்கு வெறும் டூரிஸ்ட் காட்சி இல்லை. மலையில் சேரும் பனிதான் கோடையில் ஆறாக இறங்குகிறது. ஆப்பிள் மரத்துக்குக் குளிரும் வேண்டும், அந்தத் தண்ணீரும் வேண்டும்.

நம் நீலகிரியிலும் ஒவ்வொரு குளிர்காலத்திலும் உறைபனிக்கு எதிரான சிறிய போராட்டம் நடக்கிறது. இளம் தேயிலைச் செடிகள் கருகாமலிருக்கக் காய்ந்த தழைகளால் மூடுகிறார்கள். காய்கறித் தோட்டத்தில் விடியற்காலையிலேயே தண்ணீர் தெளிக்கிறார்கள். நாம் ஊட்டியில் வெள்ளைப் புல்லைப் பார்த்து ரீல்ஸ் எடுக்கும் அதே காலையில், பக்கத்துத் தோட்டத்தில் ஒருவர் தன் செடி பிழைத்ததா என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

அடுத்த முறை `இத்துனூண்டு பனிக்கு இந்த ஊர் இப்படி ஆகிடுச்சே' என்று ஒரு வீடியோவைப் பார்த்துச் சிரிக்கத் தோன்றினால், கொஞ்சம் நிறுத்தி யோசியுங்கள். 40 டிகிரி வெயிலில் நாம் சாதாரணமாக பைக் ஓட்டுகிறோம், வெப்ப அலை வந்தால் ஐரோப்பா தவித்துப்போகிறது. ஒவ்வோர் ஊரும் தனக்குத் தெரிந்த வானத்துக்குத்தான் தயாராக இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், வானம் இப்போது மாறிக்கொண்டிருக்கிறது. எல் பாசோபோல, முதல் அடியிலேயே பாடம் படிக்கிற ஊர்கள்தான் அடுத்த அடியில் தப்பிக்கும்.